ஒரு கரு, இரண்டு எண்கள்: ஏ.ஜி.என். சுற்றியுள்ள வாயுவையும் தூசையும் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி அளக்க ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்தபோது இரண்டு மாதம் போதும் என்று நினைத்தேன். ஏழு மாதம் எடுத்தது. அதில் நாலு மாதம் வீண். பிழையான விண்மீன் திரளைத் தெரிவு செய்தேன், ஒரு கோப்பின் பெயரை மாற்றினேன், ஒப்பிடக் கூடாத இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து அறிக்கையே எழுதிவிட்டேன். அடுத்த பட்ச் பிள்ளைகள் அந்த நாலு மாதத்தைத் தொலைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தொலைநோக்கி தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாடகை அறை, பழைய லப்டொப், இன்ரநெற் மூன்றும் போதும்.

செய்யப்போவது இதுதான். சில விண்மீன் திரள்களின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று சுற்றியுள்ள பொருளை இழுத்து விழுங்கிக்கொண்டு ஒளிர்கிறது. அந்த நடுப்பகுதியைத்தான் உயிர்ப்புள்ள கரு என்கிறோம். பேச்சில் எல்லோரும் ஏ.ஜி.என். என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கிருந்து கிளம்பும் ஒளியை வழியில் கிடக்கும் வாயுவும் தூசும் மறிக்கின்றன. வாயு எவ்வளவு மறித்தது என்பதை எக்ஸ் கதிர் நிறமாலையிலிருந்து எடுக்கிறோம், தூசு எவ்வளவு மறித்தது என்பதை ஒளியியல் நிறமாலையிலிருந்து. கடைசியில் உங்கள் கையில் இரண்டு எண்கள் இருக்கும். அவை பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று சொல்வதுதான் உங்கள் ஆய்வு.

1. சொற்களை முதலில் பிரித்து வையுங்கள்

சிவப்பேறல் வேறு, செந்நகர்வு வேறு. செந்நகர்வில் நிறமாலைக் கோடுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் நீண்ட அலைநீளத்துக்கு இடம்மாறும். சிவப்பேறலில் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், நீலப் பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்துபோகும். தூசு நீலத்தைக் கூடவும் சிவப்பைக் குறையவும் மறிப்பதால் வருவது அது. முன்மொழிவில் நான் இரண்டையும் ஒரே பந்தியில் குழப்பி எழுதி, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் இருபது நிமிடம் வியர்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது நிரலடர்த்தி. நமக்கும் கருவுக்கும் இடையே ஒரு சதுர சென்ரிமீற்றர் அகலத்தில் நீண்ட குழாய் ஒன்றைப் போட்டால் அதற்குள் எத்தனை அணுக்கள் அகப்படும் என்ற கணக்கு. எக்ஸ் கதிரிலிருந்து வரும் எண்ணை ஐதரசன் நிரலடர்த்தி என்பார்கள். பெயரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கு (இனி கெவ்) மேலே உறிஞ்சுவது பெரும்பாலும் ஒட்சிசன், நியோன், சிலிக்கன், இரும்பு போன்றவற்றின் உள் ஓட்டு இலத்திரன்கள். இவ்வளவு ஒட்சிசன் இருந்தால் இவ்வளவு ஐதரசன் இருக்க வேண்டும் என்று பெருக்கித்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அந்த அணுக்கள் வாயுவாக மிதந்தாலும் சரி, தூசித் துணிக்கைக்குள் அடைபட்டுக் கிடந்தாலும் சரி, எக்ஸ் கதிர் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் உறிஞ்சப்படும். ஆக வாயு எண் என்று நாம் சொல்வதற்குள் தூசும் இருக்கிறது.

2. பொருளைத் தெரிவு செய்தல்: பிரபலமானதை விடுங்கள்

நான் முதலில் எடுத்தது என்ஜிசி 1068 என்ற விண்மீன் திரள். படம் அழகு, கட்டுரைகள் ஏராளம், கார்த்திகை மார்கழியில் மழை விட்ட இரவுகளில் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே வரும். 1985இல் அந்தோனுச்சியும் மில்லரும் இதன் முனைவாக்கப்பட்ட, அதாவது சிதறி நம்மிடம் வந்த, ஒளியில் அகன்ற கோடுகளைக் (கருவுக்கு அருகில் வேகமாகச் சுழலும் வாயுவின் தடயம்) கண்டுபிடித்துத்தான், மறைந்திருக்கும் கருவும் வெளிப்படையாகத் தெரியும் கருவும் ஒரே வகைதான் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தார்கள். இவ்வளவு போதாதா என்று இறங்கினேன்.

சாதாரண உறிஞ்சல் மாதிரியைப் பொருத்தியபோது நிரலடர்த்தி 10²¹ அளவில் வந்தது. மிகச் சிறியது. மகிழ்ச்சியாக எழுதி வைத்தேன். உண்மையில் அங்கே இருப்பது 10²⁴ஐயும் தாண்டும். அவ்வளவு தடித்த திரைக்குப் பின்னால் இருக்கும் கருவை அந்த ஆற்றலில் நேரடியாகப் பார்க்கவே முடியாது. நான் பொருத்திக்கொண்டிருந்தது வெளியே சிதறி வந்த வெளிச்சத்தையும் சுற்றியுள்ள வாயு தானாக விடும் வெளிச்சத்தையும். ஐந்து வாரம் போனது.

சுமார் 1.5×10²⁴ஐத் தாண்டினால் அதை கொம்ப்ரன் தடிப்பு என்பார்கள். அந்த எல்லையில் ஒளித்துகள் ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு முறையாவது இலத்திரனில் மோதிச் சிதறிவிடும். அந்த வகைக்குச் சிதறலையும் கணக்கெடுக்கும் தனி மாதிரிகள் வேண்டும். முதல் ஆய்வுக்கு அது வேண்டாம். என்ஜிசி 1068, சேர்சினஸ் விண்மீன் திரள் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நிரலடர்த்தி 10²²க்கும் 10²³க்கும் இடையில் இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். செந்நகர்வு 0.05க்குக் குறைவாக இருக்கட்டும். ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வில் ஒளியியல் நிறமாலையும், சுவிஃப்ட் அல்லது எக்ஸ்எம்எம்-நியூட்டன் செய்மதியின் எக்ஸ் கதிர்த் தரவும் இரண்டுமே இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் கைவிடுங்கள், மனம் இரங்காதீர்கள். நம் வானத்தில் நன்றாகத் தெரியும் சென்ரோரஸ் ஏ இதில்தான் அடிபட்டுப் போகிறது. அது தென்வானில் இருப்பதால் ஸ்லோனின் வடக்குத் தொலைநோக்கி அந்தப் பக்கம் எட்டுவதில்லை.

ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. சுவிஃப்ட் செய்மதியின் வன் எக்ஸ் கதிர்க் (ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர்; ஆற்றல் குறைந்தது மென் எக்ஸ் கதிர்) கருவி கண்டுபிடித்த ஏ.ஜி.என்.களைப் பாஸ் என்ற ஆய்வுத் தொகுப்பு வரிசைப்படுத்தியிருக்கிறது. 2017இல் றிச்சி குழுவினர் வெளியிட்ட பட்டியலில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் நிரலடர்த்தி இருக்கிறது, பொதுவில் இலவசமாக. அதிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்தால் உங்கள் விடையைச் சரிபார்க்க ஒரு விடைத்தாள் கையிலேயே இருக்கும். விடையை முதலில் பார்க்காமல் இருப்பது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது.

3. ஆவணங்கள்: நாலு கோப்பு, ஒரு நிறமாலை, மூன்று எண்

பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டுதானே போகிறோம். ஒன்று குறைந்தாலும் திரும்பி வர வேண்டும். எக்ஸ் கதிர்த் தரவும் அதே மாதிரி.

வேண்டிய நாலு கோப்புகள் இவை. மூல நிறமாலை, பின்னணி நிறமாலை, துலங்கல் அணி, பயனுறு பரப்புக் கோப்பு. நடைமுறையில் கடைசி இரண்டையும் ஆர்.எம்.எஃப்., ஏ.ஆர்.எஃப். என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். ஒரு ஆற்றலில் வந்த ஒளித்துகளைக் கருவி எந்த எண்ணாகப் பதிந்தது என்று முதலாவது சொல்லும். அந்த ஆற்றலில் கருவி எவ்வளவு பரப்பால் ஒளியைப் பிடித்தது என்று இரண்டாவது சொல்லும். இவை இல்லாமல் மூல நிறமாலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சுவிஃப்ட் தரவுக்கு இந்த நாலையும் நீங்களே தயாரிக்கத் தேவையில்லை. லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சுவிஃப்ட் தரவு மையத்தில் உங்கள் மின்னஞ்சலைப் பதிந்து, பொருளின் பெயரையும் ஆள்கூறுகளையும் கொடுத்தால் அவர்களே தயாரித்துத் தருவார்கள். சிறிய கோப்புகள்தான், போன் டேற்றாவிலேயே இறங்கிவிடும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவு மிகவும் பெரியது, தயாரிக்கத் தனி மென்பொருளும் வேண்டும். சுவிஃப்டில் ஒளித்துகள் போதாமல் போனால் மட்டும் அங்கே போங்கள்.

இங்கே ஒரு பொறி. இறக்கிய கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். மூல நிறமாலையின் தலைப்பகுதிக்குள் மற்ற மூன்றின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும், மென்பொருள் அந்தப் பெயரைத்தான் தேடும். நான் ஒழுங்காக வைக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றுக்கும் அழகான பெயர் வைத்தேன். பின்னணிக் கோப்பைக் காணவில்லை என்று வந்த ஒற்றை வரி எச்சரிக்கையைப் பார்க்காமல், பின்னணியைக் கழிக்காமலேயே மூன்று கிழமை பொருத்தினேன். கோப்புறைப் பெயரில் இடைவெளி விடுவதும் தொல்லைதான்.

ஒளியியல் பக்கம் இலகு. ஸ்லோன் தளத்தில் ஆள்கூற்றைக் கொடுத்தால் ஒரே கோப்பு, அதற்குள் அலைநீளமும் பாயமும் (வந்து சேரும் ஒளியின் அளவு) பிழையும் இருக்கும். அலைநீளம் மடக்கையில் இருக்கும், 3.8 என்று பார்த்து மலைக்க வேண்டாம். பாயத்தின் அலகு 10⁻¹⁷ எர்க் கணக்கில் வரும்.

பிறகு மூன்று எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பொருளின் செந்நகர்வு, இது நெட் (NED) என்ற விண்மீன் திரள் தரவுத்தளத்தில் கிடைக்கும். அந்தத் திசையில் நம் பால்வீதியின் ஐதரசன் நிரலடர்த்தி, இதற்கு 2016இல் வந்த எச்ஐ-4-பை என்ற முழுவான் ஐதரசன் வரைபடம். அந்தத் திசையில் நம் பால்வீதியின் தூசுச் சிவப்பேறல், இதற்கு ஷ்லாஃப்லியும் ஃபிங்க்பைனரும் 2011இல் திருத்திய அளவு, இர்சா என்ற அகச்சிவப்பு வானியல் ஆவணத் தளத்தில் எடுக்கலாம். பழைய 1998 அளவும் அதே பக்கத்தில் அருகருகே வரும், கண் தவறி அதை எடுத்துவிடாதீர்கள். அது சுமார் 16 வீதம் கூட.

கேட்கும் தரவு பொதுவில் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். சந்திரா, எக்ஸ்எம்எம் இரண்டிலும் நேரம் கேட்டு வாங்கிய ஆய்வாளருக்கு வழக்கமாகக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை உண்டு. பட்டியலில் பெயர் தெரியும், கோப்பு இறங்காது. சுவிஃப்டில் இந்தக் காத்திருப்பு இல்லை.

4. செலவும் நேரமும்

தரவுக்கும் மென்பொருளுக்கும் ஒரு சதமும் இல்லை. கட்டுரைகளுக்கும் காசு கொடுக்காதீர்கள், இந்தத் துறையில் ஏறத்தாழ எல்லாமே ஆர்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கிறது. உங்கள் செலவு டேற்றாவும் கரண்டும்தான்.

ஹீசொஃப்ட் என்ற நாசா மென்பொருள் தொகுதியை லப்டொப்பில் ஏற்றப்போனால் தேவையான பகுதியை மட்டும் தெரிந்தாலும் கிகாபைற் கணக்கில் இறங்கும். பக்கேஜில் இரவு டேற்றா தனியாக இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். என் லப்டொப்பில் மூலநிரலிலிருந்து கட்டி எழுப்ப ஒரு முழு இரவு போனது, விடிய நாலரைக்குக் கரண்ட் போய் திரும்பவும் முதலிலிருந்து.

அதற்குப் பிறகுதான் சைசேர்வர் பற்றித் தெரிய வந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசச் சேவை. கணக்குத் திறந்து உள்ளே போனால் ஹீசொஃப்ட் ஏற்கெனவே ஏற்றிய நிலையில் பிரவுசரிலேயே ஓடும். கணக்கிடுவது அவர்களின் இயந்திரம், நமக்கு வரைபடம் மட்டும்தான் வந்து சேரும். நிலையான கோப்புறை, தற்காலிகக் கோப்புறை என்று இரண்டு இருக்கும். வேலையை நிலையானதில் வையுங்கள், தற்காலிகத்தில் வைத்தால் ஒருநாள் இல்லாமல் போகும்.

உதவி மையங்களுக்கு மடல் போட்டால் பதில் தருவார்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். இங்கே மாலை ஏழு மணி என்றால், ஹீசொஃப்ட், சைசேர்வர் ஆட்கள் இருக்கும் மேரிலன்டில் காலை எட்டரையோ ஒன்பதரையோ. மாலையில் அனுப்பினால் விடியும்போது பதில் இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் அனுப்பினால் ஒருநாள் வீண்.

மொத்தத்தில் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். பொருள் தெரிவுக்கும் ஆவணங்களுக்கும் இரண்டு, எக்ஸ் கதிருக்கு மூன்று, ஒளியியலுக்கு நாலு, எழுத மூன்று. ஒளியியல் லேசு என்று எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் நேரம் போகும்.

5. எக்ஸ் கதிர் நிறமாலையைப் பொருத்துதல்

ஹீசொஃப்ட்டுக்குள் இருக்கும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் மாதிரியை மூன்று துண்டாகக் கட்டுங்கள். முதலில் நம் பால்வீதியின் உறிஞ்சல், அதன் எண்ணை நீங்கள் கொப்பியில் எழுதிய அளவிலேயே பூட்டிவிடுங்கள். அடுத்தது அந்தத் திரளுக்குள் நடக்கும் உறிஞ்சல், இதற்குச் செந்நகர்வைக் கொடுக்க வேண்டும், எண்ணைச் சுதந்திரமாக விட வேண்டும். கடைசியில் கருவின் சொந்த வெளிச்சம், ஒரு அடுக்குவிதிக் கோடு, அதாவது ஆற்றல் கூடக்கூட ஒளி ஒரே சீராகக் குறையும் கோடு.

நிறமாலையைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். 10²² என்றால் ஒன்று இரண்டு கெவ்வுக்குக் கீழே ஒளி சரிந்திருக்கும். 10²³ என்றால் மூன்று நாலு கெவ்வரை தின்றிருக்கும். 10²⁴ என்றால் பத்துக் கெவ்வரை ஒன்றும் மிஞ்சாது. பொருத்தம் சொல்லும் எண் இந்தக் கண்மதிப்போடு ஒத்துவராவிட்டால் கண்ணை நம்புங்கள், மாதிரியைச் சந்தேகப்படுங்கள்.

என் இரண்டாவது பொருளில் அடுக்குவிதியின் சாய்வு எண் 0.4 என்று வந்தது. ஏ.ஜி.என்.களில் அது வழக்கமாக 1.8, 1.9 பக்கம் இருக்கும். பொருத்தம் நல்லது என்று மென்பொருள் சொன்னது, எனக்கும் சந்தோசம். நடந்தது என்னவென்றால் மென் எக்ஸ் கதிர்ப் பக்கம் கொஞ்சம் ஒளி எப்படியோ கசிந்து வந்திருக்கிறது. திரையைச் சுற்றிச் சிதறி வரும் சில வீத ஒளி அது. ஒற்றை அடுக்குவிதியால் அந்தக் கசிவையும் விளக்க வேண்டும், வன் பக்கத்தையும் விளக்க வேண்டும் என்றால் கோட்டைத் தட்டையாக்கி, உறிஞ்சலைக் குறைப்பது தவிர அதற்கு வேறு வழியில்லை. அதே சாய்வுள்ள இன்னொரு அடுக்குவிதியை, உறிஞ்சல் இல்லாமல், முதலாவதில் சில வீத அளவுக்குச் சேர்த்தேன். சாய்வு 1.8க்கு வந்தது. நிரலடர்த்தி 10²¹ அளவிலிருந்து 5×10²²க்கு எகிறியது. ஆகவே சாய்வு 1.5க்குக் கீழே வந்தால் அறையை விட்டு வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மாதிரியைத் திரும்பப் பாருங்கள். 6.4 கெவ்வில் இரும்பின் கோடு பெரிதாக நிமிர்ந்து நின்றால் அது இன்னும் தடித்த திரையின் அடையாளம்.

மற்றப் பொறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ஸ்பெக் தானாக எடுத்துக்கொள்ளும் மூலக அளவு அட்டவணை 1989க்குரியது. அதில் ஒட்சிசன், இப்போது பரவலாகப் பயன்படும் வில்ம்ஸ் குழுவின் 2000ஆம் ஆண்டு அட்டவணையைவிட 1.7 மடங்கு கூட. ஒட்சிசன் கூட இருந்தால் குறைந்த ஐதரசனே போதும் என்று கணக்கு வரும், உங்கள் நிரலடர்த்தி குறைந்துவிடும். எந்த அட்டவணை என்று அறிக்கையில் எழுதாவிட்டால் உங்கள் எண்ணை எவராலும் எதனோடும் ஒப்பிட முடியாது. ஒளித்துகள்கள் சில நூறுதான் என்றால் பொருத்தத்தை அளக்கும் கை-வர்க்க முறையை விட்டு, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-புள்ளியியலுக்கு மாறுங்கள். பிழை எல்லையை எக்ஸ்ஸ்பெக்கின் எரர் கட்டளை வழக்கமாகத் தருவது 90 வீத நம்பிக்கையில், ஒளியியலில் நீங்கள் கணிக்கப்போவது 68 வீதத்தில். ஒரே அட்டவணையில் இரண்டையும் போடும்போது இதைக் கவனிக்காமல் நான் திட்டு வாங்கினேன்.

6. ஒளியியல் நிறமாலையிலிருந்து தூசு

அடிப்படை எளிது. ஐதரசன் விடும் எச்-அல்பா சிவப்பில் 6563 அங்ஸ்ட்ரமில் இருக்கிறது, எச்-பீற்றா நீலப்பச்சையில் 4861இல். தூசு இல்லாவிட்டால் இரண்டின் விகிதம் என்னவாக இருக்கும் என்று அணுப் பௌதிகம் சொல்லிவிடும். சாதாரண விண்மீன் பிறப்பு வாயுவில் 2.86, ஏ.ஜி.என்.இன் குறுங்கோட்டுப் பகுதிக்கு (கருவிலிருந்து தள்ளி, ஒடுங்கிய கோடுகளை விடும் வாயு) 3.1 எடுப்பது வழக்கம். தூசு இருந்தால் எச்-பீற்றா கூடத் தேயும், விகிதம் ஏறும். பால்வீதியின் தூசு மாதிரியே அங்கும் என்று வைத்துக்கொண்டால், அளந்த விகிதத்தை 3.1ஆல் வகுத்து, பத்தின் மடக்கை எடுத்து, 2.31ஆல் பெருக்கினால் நிறமிகை, அதாவது சிவப்பேறலின் அளவு, வந்துவிடும். அதை 3.1ஆல் பெருக்கினால் கட்புல ஒளியில் எத்தனை பருமன் (வானியலில் ஒளிர்வை அளக்கும் அலகு) மங்கியது என்பது வரும். இரண்டு 3.1களும் தற்செயலாக ஒன்று, குழம்ப வேண்டாம்.

இந்தப் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் நம் பால்வீதித் தூசுக்குத் திருத்துங்கள், ஸ்லோன் நிறமாலைகளில் இது செய்யப்பட்டிருக்காது. பிறகு செந்நகர்வை நீக்குங்கள். ஸ்லோன் அலைநீளங்கள் வெற்றிடத்துக்குரியவை, பாடப்புத்தகத்தில் இருப்பவை காற்றுக்குரியவை. எச்-அல்பாவில் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.8 அங்ஸ்ட்ரம். சிறிய தொகைதான், ஆனால் நான் அதை வாயு வெளியேற்றம் என்று நினைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

அப்புறம் விண்மீன்களின் ஒளியைக் கழிக்க வேண்டும். இதைத் தவிர்க்க முடியுமா என்று யோசிப்பீர்கள். முடியாது.

அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விகிதம் 9 என்று வந்தது. நிறமிகை 1.07. அவ்வளவு தூசா என்று எச்-பீற்றா இருக்கும் இடத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு சின்னப் பள்ளம், அந்தப் பள்ளத்தின் நடுவில் கோடு குத்திட்டு நிற்கிறது. கிணற்றுக்குள் நட்ட தடி மாதிரி, வெளியே தெரிவது நுனி மட்டும். அந்தக் கிணறு திரளின் பழைய விண்மீன்கள் தோண்டியது. அவற்றின் வளிமண்டலமும் அதே எச்-பீற்றாவை உறிஞ்சுகிறது. எச்-அல்பாவிலும் பள்ளம் உண்டு, அங்கே கோடு பெரிது என்பதால் பாதிப்புச் சிறிது. பிபிஎக்ஸ்எஃப் என்ற பைதன் தொகுதியால் விண்மீன் பகுதியைப் பொருத்திக் கழித்தபோது தடி அடிவரை தெரிந்தது. விகிதம் 5, நிறமிகை 0.48. என்னிடம் இருந்த தூசில் பாதிக்கும் மேல் தூசே இல்லை.

எச்-அல்பாவின் இருபக்கமும் நைதரசனின் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீலப் பக்கத்தது சிவப்புப் பக்கத்ததின் மூன்றில் ஒன்று என்று பூட்டிவிட்டு மூன்றையும் ஒன்றாகப் பொருத்துங்கள். எச்-அல்பாவுக்கு அடியில் அகன்ற மேடு ஒன்று தெரிந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

7. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தல்

பால்வீதியில் வாயுவும் தூசும் ஒன்றாகப் போகின்றன. நிறமிகை ஒன்றுக்கு ஐதரசன் 5.8×10²¹ என்பது 1978இல் போலின் குழுவினர் அளந்தது. என் 0.48ஐ இதால் பெருக்கினால் 2.8×10²¹ வருகிறது. எக்ஸ் கதிர் சொன்னது 5×10²². பதினெட்டு மடங்கு. தூசு குறைந்த விசித்திர வாயு என்று தலைப்பே போட்டு வரைவை நீட்டினேன். ஆய்வை மேற்பார்வை செய்த சேர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டார்:

“தம்பி, உந்த ரெண்டு வெளிச்சமும் எங்கையிருந்து வெளிக்கிட்டது எண்டு முதல் சொல்லும்.”

எக்ஸ் கதிர் கருந்துளைக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. நான் அளந்த குறுங்கோடுகள் பல நூறு ஒளியாண்டு வெளியே இருக்கும் வாயுவிலிருந்து வருகின்றன. கருவைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் தூசுத் திரை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காங்கேசன்துறையில் ஏறியவரையும் கொக்குவிலில் ஏறியவரையும் வழியில் மழையா என்று கேட்டால் பதில் ஒன்றாக வருமா? ஒரே பஸ்ஸில்தான் இருவரும் யாழ்ப்பாணம் வந்து இறங்குகிறார்கள். என் 0.48 கொக்குவில்காரரின் பதில். அந்தத் திரையைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

எனவே ஒப்பிட வேண்டுமென்றால் திரைக்குள்ளிருந்து கிளம்பும் ஒளியியல் வெளிச்சம் வேண்டும். அதற்குத்தான் அந்த அகன்ற மேடு. கருவுக்கு அருகில் வேகமாகச் சுழலும் வாயுவிலிருந்து வருவது அது. எச்-அல்பாவில் அகன்ற பகுதி தெரிந்து எச்-பீற்றாவில் தெரியாவிட்டால், தெரியாததன் மேல் எல்லையை வைத்து நிறமிகைக்குக் கீழ் எல்லை சொல்லலாம். அந்தப் பகுதியின் வாயு மிக அடர்த்தியானது, ஆகவே இயல்பான விகிதம் 3 என்பதை இறுக்கமாகப் பிடிக்காதீர்கள். அகன்ற கோடு ஒன்றுமே இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு அளவீடுகள். அதை அப்படியே எழுதுங்கள், விகிதம் எடுக்காதீர்கள்.

பாதையைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் நிற்கலாம். மையோலினோ குழு 2001இல் காட்டியது இதைத்தான். அவர்கள் எடுத்த பெரும்பாலான ஏ.ஜி.என்.களில் வாயுவோடு ஒப்பிடும்போது சிவப்பேறல், பால்வீதியில் எதிர்பார்ப்பதைவிட மூன்று மடங்கிலிருந்து நூறு மடங்குவரை குறைவு. காரணமாகச் சொல்லப்படுபவற்றில் மூன்றைத் தெரிந்து வைத்தால் போதும்.

ஒன்று, தூசு சுமார் 1500 கெல்வினில் ஆவியாகிவிடும். செக்கனுக்கு 10⁴⁵ எர்க் வலுவுள்ள கருவைச் சுற்றி ஏறத்தாழ அரைப் பார்செக்குக்குள் (சுமார் ஒன்றரை ஒளியாண்டு) தூசு நிலைக்காது, வாயு நிலைக்கும். அந்த வாயு எக்ஸ் கதிரை மறிக்கும், ஒளியியலில் தடயமே விடாது.

இரண்டாவது துணிக்கையின் அளவு. தை மாத விடியலில் பனிப்புகாருக்குள் சூரியனைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளித் தட்டு மாதிரி மங்கலாக, வெள்ளையாகவே இருக்கும். அதே சூரியன் மாலையில் பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் சிவந்து இறங்கும். புகாரின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மறிக்கின்றன. மாலைக் காற்றில் நீலத்தைச் சிதறடிப்பவை காற்று மூலக்கூறுகளும் நுண்ணிய துகள்களும். கருவைச் சுற்றியுள்ள தூசு பெருத்திருந்தால் ஒளியை மங்கவைக்கும், சிவக்கவைக்காது. நிறமிகையை மட்டும் பார்த்தால் தூசே இல்லை என்று தோன்றும்.

மூன்றாவது காலம், மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது. என்ஜிசி 1365இல் ஒரு வாயு முகில் குறுக்கே வந்து, நாலு நாளுக்குள் கொம்ப்ரன் தடிப்பாகி விலகியதை றிசாலிற்றி குழு 2007இல் அறிவித்தது. உங்கள் ஒளியியல் நிறமாலை 2004இலும் எக்ஸ் கதிர் 2016இலும் எடுத்தது என்றால் நடுவில் என்னென்ன குறுக்கே வந்து போனதோ. இரண்டு திகதியையும் அட்டவணையில் போடுங்கள். சுவிஃப்ட் ஒரே பொருளைப் பலமுறை பார்த்திருந்தால் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பொருத்தி நிரலடர்த்தி அசைகிறதா என்று பாருங்கள். ஒரு கிழமை வேலைதான், வைவாவில் பெரிய கவசம்.

8. ஒப்படைக்குமுன்

ஒவ்வொரு கண்காணிப்பின் அடையாள இலக்கம், திகதி, மென்பொருள் பதிப்பு, மூலக அட்டவணை, எடுத்த மங்கல் விதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஸ்லோன், ஹீசார்க் (ஹீசொஃப்டைத் தரும் நாசா தரவு மையம்), லெஸ்ரர் மையம் ஒவ்வொன்றும் நன்றி தெரிவிக்க வேண்டிய வாசகத்தைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. சொந்தமாக எழுதாமல் அதை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

பைண்டிங்குக்கு மூன்று நாள் முன்பே கொடுங்கள், கடைசி நாளில் எல்லாப் பட்சும் அதே கடையில் நிற்கும். கலர்ப் பிரதிக்குப் பக்கக் கணக்கில் காசு என்பதால் நான் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். தூசு திருத்துமுன் நிறமாலை சிவப்பு, திருத்திய பின் நீலம் என்று போட்டிருந்த வரைபடத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்து விழுந்தன. ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிடுங்கள்.